மேட்டு மண்ணும் பள்ளத்து ஏரியும்

தென்னார்க்காட்டுச் சீமையில், விருத்தாசலத்துக்கும் கடலூருக்கும் இடைப்பட்ட பிரதேசத்தில், செம்மண்ணும் செம்பாறையும் விரவிய மேட்டு நிலம் ஒன்று மெல்ல மெல்லக் கிழக்கே கடலை நோக்கிச் சரிந்து இறங்குகிறது. மேட்டின் மீது பலாவும் முந்திரித் தோப்புகளும் செழித்து வளர்கின்றன. சரிவு முடிந்து பூமி சமதளமாகும் இடத்தில் வண்டல் நிலமும், நெல் வயல்களும், அவ்வயல்களுக்கு நீரூட்டும் ஏரிகளும் தொடங்குகின்றன. குறிஞ்சிப்பாடிப் பக்கம் பெருமாள் ஏரி. சேத்தியாத்தோப்புக்கு வடக்கே கரைமேட்டை ஒட்டி வாலாஜா ஏரி. வெள்ளாற்றைக் கடந்து தெற்கே சென்றால், காட்டுமன்னார்கோயில் வட்டாரம் முழுவதற்கும் ஜீவாதாரமான வீராணம். நெய்வேலி நகரியம் அமைந்திருப்பது மேட்டின் மீது. அந்நகரியத்தின் சரித்திரத்தை எழுதப் புகுந்தவர்கள் பழுப்பு நிலக்கரியில் தொடங்கி மின்சாரத்தில் முடித்துக்கொள்வதே பெருவழக்காக இருந்து வருகிறது. ஆனால் மேட்டில் பெய்யும் மழையும், மேட்டில் வெட்டப்படும் மண்ணும், மேட்டிலிருந்து இறைத்து வெளியேற்றப்படும் ஜலமும் கடைசியில் பள்ளத்து ஏரிகளையே சென்று அடைவதால், அந்த ஏரிகளின் கதையைச் சொல்லாமல் நெய்வேலியின் சரித்திரம் பூர்த்தியாகாது என்பது என் திடமான அபிப்பிராயம். ஓர் ஏரியின் கரையையும் நீரையும் காக்கும் காரியம், ஜலம் புறப்படும் இடத்திலேயே தொடங்கியாக வேண்டும். ஏரிக்குப் பொறுப்பாளி யார் என்ற கேள்விக்கு ஒரு காலத்தில் ஊரில் எல்லோரும் அறிந்த விடை இருந்தது. அந்த விடை எவ்வாறு கைநழுவிப் போயிற்று என்பதை இந்த வட்டாரத்து ஏரிகளைக் கொண்டே விளங்கிக்கொள்ளலாம்.

வீராணத்திலிருந்து தொடங்குவதே முறை. 907 முதல் 955 வரை அரசாண்ட முதலாம் பராந்தக சோழனுடைய காலத்தில் தோன்றியது இந்த ஏரி. வீரநாராயணன் என்னும் அவனுடைய விருதுப் பெயரே ஏரிக்கும், அதை அடுத்து எழுந்த வீரநாராயணபுரத்துக்கும் வழங்கலாயிற்று. வடக்கிலிருந்து இராஷ்டிரகூடர் படையெடுத்து வரக்கூடும் என்று எதிர்பார்த்து, பட்டத்து இளவரசனாகிய இராஜாதித்தன் திருமுனைப்பாடி நாட்டில் பெருஞ்சேனையோடு பல்லாண்டுகள் பாடி வீடு கொண்டிருந்தபோது, போரில்லாத நாட்களில் வீரர்களின் தோள்வலி வீணாகாதபடி அவர்களைக் கொண்டே இந்தப் பேரேரியை வெட்டுவித்தான் என்பது இப்பகுதி மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வரும் செய்தி. 949இல் தக்கோலத்துப் போர்க்களத்தில் யானைமீது இருந்தபடியே அவன் உயிர் துறந்தான். வென்ற போர்களால் நிலைக்காத அவன் பெயர், இந்த ஏரியோடு சேர்த்துச் சொல்லப்படுவதால் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக இவ்வட்டாரத்தில் நிலைத்திருக்கிறது. திவ்வியப் பிரபந்தத்தைத் தேடித் தொகுத்த நாதமுனிகள் பிறந்தது வீரநாராயணபுரத்தில். கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ ஆடிப்பெருக்கு நாளில் வந்தியத்தேவன் குதிரை ஏறி வருகின்ற காட்சியோடு தொடங்குவதும் இந்த ஏரிக்கரையின் மீதுதான். தமிழ் வாசகர் உள்ளத்தில் இதற்கு ஈடான கீர்த்தி பெற்ற ஏரி வேறொன்று உண்டோ என்பது சந்தேகமே.

ஆயினும் கீர்த்தியால் ஏரி நிறைவதில்லை. ஏறத்தாழ 14 கிலோமீட்டர் நீண்டு கிடக்கும் வீராணத்துக்குக் கொள்ளிடத்து நீர் வடவாற்றின் வழியாக வந்து சேர வேண்டும். வடவாறு தூர்ந்தால் ஏரி வறண்டது என்று பொருள். நடுக்கரையில் நின்று பார்ப்பவனுக்கு ஏரி என்பது கண்ணுக்கெட்டிய நீர்ப்பரப்பும் அதைத் தாங்கி நிற்கும் மண்கரையுமாகத் தோன்றும். பாசனம் அறிந்தவனோ வரத்துக்காலையும், மதகையும், கலிங்கையும், கலிங்கிலிருந்து வழிந்து அடுத்த ஏரிக்கு ஓடும் போக்குக்காலையும் சேர்த்தே ஏரி என்று எண்ணுவான். இவற்றுள் ஒன்று கெட்டால் மற்றவை நிலைக்கமாட்டா. மதகு சிதைந்தால் வேண்டாத காலத்தில் நீர் கசியும். கலிங்கை அடைத்துவிட்டால் வெள்ளம் கரையின் மேல் ஏறி உடைப்பெடுக்கும். வரத்துக்காலின் இருமருங்கிலும் மண்ணைக் கிளறிவிட்டால் அம்மண் முழுவதும் ஏரியின் வயிற்றில் வந்து படியும். இந்த உறவை உணர்ந்த சமூகம் எதுவோ, அதுவே ஏரியைப் பரிபாலிக்கும் தகுதி உடையது.

அத்தகைய சமூகம் ஒன்று இருந்ததற்குக் கல்லில் வெட்டிய சாட்சியம் உண்டு. வீராணத்தைத் தோற்றுவித்த அதே பராந்தகனுடைய 12ஆம், 14ஆம் ஆட்சியாண்டுகளில், அதாவது 919, 921 ஆகிய ஆண்டுகளில், செங்கல்பட்டுச் சீமையைச் சேர்ந்த உத்திரமேரூரில் சபையார் செய்துகொண்ட ஏற்பாட்டைச் சொல்லும் கல்வெட்டுகளைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் கேள்விப்பட்டிருப்பார்கள். குடவோலை முறையின் பொருட்டே அவை பெரிதும் பேசப்படுகின்றன. அவற்றில் ஏரி வாரியம் என்று தனியே ஒரு குழு குறிக்கப்பட்டிருப்பதை அவ்வளவு அழுத்திச் சொல்வோர் சிலரே. ஆறு பேர் கொண்ட அந்த வாரியத்தார் 360 நாட்கள் பொறுப்பில் இருந்து, பிறகு விலகிப் போக வேண்டியவர்கள். முன்பு ஏதேனும் வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவனுடைய பெயரும், அவனுடைய நெருங்கிய உறவினர் பெயரும் குடவோலைக்கு எழுதப்படக் கூடாது என்பது விதி. ஏரியைக் காப்பதில் முதல் காரியம் மண்வெட்டியன்று, கணக்கு என்று அச்சபையார் கருதியிருக்கிறார்கள். நான் படித்தவற்றுள் ஏரிப் பாதுகாப்பைப் பற்றி இதனினும் சிறந்த விவேகத்தை எங்கும் காணவில்லை. சொந்த நிலமும் வேதக் கல்வியும் உடையவர்களுக்கே அச்சபையில் இடம் இருந்தது என்பதையும், கூடையில் மண் சுமந்த கைகளுக்கு அங்கே குரல் இல்லை என்பதையும் மறைத்துவிட்டுப் பழம்பெருமை பேசுவது நியாயமாகாது. அந்தக் குறை இருந்தும் கணக்குக் காட்டும் கடமை என்னும் தத்துவம் நமக்கு வேண்டியதாகவே இருக்கிறது.

ஏரிக்கென்று நிலமும் நெல்லும் பொன்னும் ஒதுக்கிவைத்த தர்மங்களும் கல்வெட்டுகளில் மிகுதி. ஏரிப்பட்டி என்று பெயரிட்டு விடப்பட்ட நிலத்தின் விளைச்சலைக் கொண்டு ஆண்டுதோறும் குழி வெட்டிக் கரைக்கு மண் இட்டார்கள். நீர் வற்றாத பெரிய ஏரிகளில் ஓடம் விட்டுத் தூர் எடுப்பதற்கும், ஓடக்காரருக்குக் கூலி கொடுப்பதற்கும் நிவந்தங்கள் இருந்தன. இராஜாங்கப் படை வந்து போனாலும், பஞ்சம் வந்து போனாலும், இந்த வேலை கோயில் பூஜையைப் போல நாள் தவறாமல் நடக்க வேண்டும் என்பதே தர்மம் செய்தவர்களின் கருத்து.

கரையைக் காத்த வழிகளைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். இக்காலத்து இளைஞர்கள் இவற்றைக் கண்ணால் காணும் வாய்ப்பு அருகிவிட்டது. கரையின் உட்சரிவில், புயற்காற்றில் எழும் அலை மண்ணை அரிக்காதபடி கருங்கற்களை வரிசையாகப் பதித்தார்கள். அதற்கு அலைகல் என்று பெயர். கரையின் மேல் பனை வைத்தார்கள். நீர் தொடும் விளிம்பில் நாணலும் கோரையும் வளர இடம் கொடுத்தார்கள். அவற்றின் வேர் மண்ணைப் பிடித்துக்கொண்டது. சித்திரை, வைகாசி மாதங்களில் ஏரி வற்றியதும், குடியானவர்கள் வண்டி கட்டிக்கொண்டு வந்து வண்டலை வெட்டி எடுத்துத் தங்கள் வயலுக்கு எருவாக இட்டார்கள். குயவர் தமக்கு வேண்டிய களிமண்ணை எடுத்துக்கொண்டார்கள். ஏரிக்கு ஆழம், வயலுக்குச் சத்து என்று ஒரே செயலால் இரண்டு பிரயோஜனம் விளைந்தது. மடை திறந்து அடைக்கும் நீர்பாய்ச்சிக்கு, இடத்துக்கு இடம் பெயர் மாறினாலும், அறுவடைக் களத்தில் நெல் அளக்கப்பட்டது. அவன் இரவில் கரை மேல் நடந்து எலி வளையும் நண்டு வளையும் தேடி அடைப்பான். மழைக்காலத்தில் கரையில் ஈரம் கசியும் இடத்தைக் காலால் மிதித்தே கண்டுபிடிப்பான். ஊரில் அனைவருக்கும் பொதுவான அந்த உழைப்பே பிற்காலத்தில் குடிமராமத்து எனப்பட்டது.

ஆங்கிலேயர் ஆட்சி வேரூன்றியபோது இந்த ஏற்பாடு நிலைகுலைந்தது. நில வரியை ரொக்கமாக நேரே சர்க்கார் கஜானாவுக்குக் கொண்டு சென்றபின், ஏரிக்கென்று ஊரில் தங்கிய பங்கு தேய்ந்தது. மானியங்கள் பலவும் விசாரணைக்கு உள்ளாயின. அவர்கள் பெரிய காரியங்கள் செய்யாமல் இல்லை. கொள்ளிடத்தின் அடிமட்டம் இறங்கிக்கொண்டே போய்க் கால்வாய்களுக்கு நீர் ஏறாமல் தவித்த காலத்தில், ஆர்தர் காட்டன் 1836இல் கட்டி முடித்த கீழணைதான் வடவாற்றுக்கும் அதன் மூலம் வீராணத்துக்கும் மறுவாழ்வு அளித்தது. அந்த நன்றியை மறக்கலாகாது. ஆனால் அணையைக் கட்ட வல்ல சர்க்காரால் ஊராரின் கடமையுணர்ச்சியைக் கட்டி எழுப்ப முடியவில்லை. வழக்கமாகச் செய்து வந்த மராமத்தைச் செய்யாதவர்களைக் கட்டாயப்படுத்த 1858இல் சென்னை மாகாணத்தில் சட்டமே இயற்றினார்கள்; அது பெரும்பாலும் ஏட்டளவில் நின்றது. 1883 முதல் ஏரிப் புனருத்தாரணத் திட்டம் என்று ஒன்றைத் தொடங்கி, ஏரி ஏரியாக அளந்து, கரையின் உயரம், மதகின் அடிமட்டம், கலிங்கின் நீளம், ஆயக்கட்டு ஆகியவற்றைக் குறித்துவைத்தார்கள். அளவு சர்க்கார் ஏட்டில் ஏறியது. அக்கறை ஊரை விட்டுப் போயிற்று. ஏரி இனி சர்க்காருடையது என்ற எண்ணம் குடிகள் மனத்தில் படிந்ததற்கு இதைத் தவிர வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

இவ்வாறு ஏரிகள் காவலரை இழந்துகொண்டிருந்த காலத்தில்தான் மேட்டு நிலத்தின் அடியில் கிடந்த பொருள் வெளிப்பட்டது. ஜலத்தைத் தேடிப் போனவர்களுக்கே அது அகப்பட்டது என்பது இந்தச் சரித்திரத்தின் ஆழ்ந்த உண்மைகளுள் ஒன்று. 1880களில் புதுச்சேரியை அடுத்த பாகூர்ப் பகுதியில் பொங்கும் ஊற்றுக்காகத் துளையிட்ட பிரெஞ்சுக்காரர்கள் பழுப்பு நிலக்கரியைக் கண்டார்கள். 1930களில் நெய்வேலியில் ஜம்புலிங்க முதலியார் தமது நிலத்தில் கிணற்றுக்காகத் துளையிட்டபோது நீரோடு கறுத்த பொருள் ஒன்று வெளிவரக் கண்டு, அதைச் சர்க்காரின் கவனத்துக்குக் கொண்டுவந்தார். பிற்பாடு தம் நிலத்தில் நூற்றுக்கணக்கான ஏக்கரையும் இத்தொழிலுக்காக மனமுவந்து கொடுத்தார். 1956 நவம்பர் 14 அன்று நெய்வேலி லிக்னைட் கார்ப்பரேஷன் நிறுவப்பட்டது. 1957 மே 20 அன்று பிரதமர் நேரு சுரங்க வேலையைத் தொடங்கிவைத்தார். 1961 ஆகஸ்டில் நிலக்கரிப் படுகை வெளிப்பட்டது. மறு ஆண்டே சோவியத் நாட்டின் உதவியோடு மின்சாரம் பிறந்தது. ஊர்கள் பெயர்ந்தன, வட்டம் வட்டமாக, நிழல் தரும் மரங்களோடு நகரியம் எழுந்தது. மின்விளக்கைக் காணாத பல்லாயிரம் கிராமங்களுக்கு ஒளி தந்த அந்தச் சாதனையை நான் சிறிதும் குறைத்துப் பேசமாட்டேன்.

நெய்வேலியில் நிலக்கரிக்கு மேலும் கீழும் நீர் இருக்கிறது. படுகைக்குக் கீழே உள்ள மணற்பாறையில் அடைபட்டுக் கிடக்கும் ஜலம், சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோகிராம் விசையோடு மேல்நோக்கி அழுத்துகிறது. மேலே உள்ள மண்ணை அகற்றிக் குழி பறித்தால் அந்த அழுத்தம் சுரங்கத்தின் தரையையே பிளந்துகொண்டு வெளிப்படும். ஆகவே இரவு பகலாக, ஆண்டு முழுவதும், இறைப்புக் கிணறுகளின் மூலம் அந்த நீரை வெளியேற்றிக்கொண்டே இருந்தாலன்றி ஒரு கூடை நிலக்கரியும் எடுக்க இயலாது. ஒரு டன் நிலக்கரி எடுப்பதற்குப் பல டன் ஜலத்தை இறைக்க வேண்டியிருக்கிறது. அதன் ஒரு பகுதி அனல் மின் நிலையங்களுக்கும் நகரியத்தின் வீடுகளுக்கும் போகிறது; மிச்சம் ஓடைகளின் வழியாகக் கீழே இறங்குகிறது. முன்பு துளையிட்டவுடன் தானே பொங்கி வழிந்த ஊற்றுக்கிணறுகள் பல இடங்களில் ஓய்ந்துபோக, அவ்வாறு பொங்கிய அதே ஜலம் இப்போது சுரங்க நீர் என்ற பெயரோடு பரவனாற்றிலும் வாய்க்கால்களிலும் ஓடி வயல்களை அடைகிறது. மழை பொய்த்த ஆண்டுகளில் இந்நீரை நம்பியே பயிரிட்ட கிராமங்கள் உண்டு. நிலத்தடியில் காலங்காலமாகச் சேர்ந்த செல்வத்தை ஒரு தலைமுறை எடுத்துச் செலவிடுகிறது என்ற கவலையும், எடுத்தது வீணாகாமல் ஏரியில் தங்குகிறது என்ற ஆறுதலும் ஒருங்கே தோன்றும் விசித்திர நிலைமை இது.

அந்த ஜலம் எதைச் சுமந்து வருகிறது என்பதில்தான் ஏரிகளின் தலைவிதி அடங்கியிருக்கிறது. ஒரு டன் நிலக்கரியை எடுக்க ஐந்து கன மீட்டருக்கு மேற்பட்ட மேல்மண்ணை அகற்ற வேண்டும். அவ்வாறு அகற்றிய மண் குன்று குன்றாகக் குவிந்தது. மரமும் புல்லும் மூடாத புதுக்குன்றின் மீது வடகிழக்குப் பருவமழை பெய்யும்போது, மழைநீர் அதன் பக்கங்களை வெட்டி வெட்டிச் செஞ்சேறாக இறங்குகிறது. ஓடையில் விரைந்து ஓடும்வரை நீர் மணலையும் களியையும் சேர்த்தே இழுத்துச் செல்லும். ஏரியின் வாயில் நுழைந்ததும் வேகம் அடங்குகிறது. பருமணல் முதலில் படிகிறது, நுண்மணல் சற்றுத் தள்ளிப் படிகிறது, களி ஏரியின் நடுவில் நாள்கணக்கில் மிதந்து கடைசியில் அடியில் உறைகிறது. வரத்துக்கால் சேரும் முகத்தில் முதலில் ஒரு திட்டு. அடுத்த ஆண்டு அது ஒரு மேடு. சில ஆண்டுகளில் அந்த மேடு கோடையில் உழக்கூடிய நிலமாகி, ஏரியின் மேற்கரை எங்கே முடிகிறது, பட்டா நிலம் எங்கே தொடங்குகிறது என்று தெரியாமல் போகிறது. ஆக்கிரமிப்பு என்று நாம் கண்டிக்கும் பாவத்துக்கு அநேக இடங்களில் வண்டலே வழிவகுத்துக் கொடுத்திருக்கிறது. அனல் மின் நிலையத்துச் சாம்பல் கலந்த நீர் சேர்ந்துவிட்டால் அடியில் படிவது வயலுக்கு எருவாகும் வண்டலாகவும் இருப்பதில்லை. வண்டி கட்டி வந்து அள்ளிப்போக எந்தக் குடியானவனும் முன்வரமாட்டான்.

தூர்ந்த இடத்தைத் தேடி வந்து குடியேறும் செடி ஒன்று உண்டு. தமிழ்நாடெங்கும் ஏரிகளிலும் வாய்க்கால்களிலும் ஊதா கலந்த வெண்பூக்களோடு புதர் புதராக நிற்கும் அதை மக்கள் நெய்வேலிக் காட்டாமணக்கு என்று அழைக்கிறார்கள். தென்னமெரிக்காவிலிருந்து வந்த அச்செடி, வெட்டிப் போட்ட தண்டு ஈரத்தில் பட்டாலே வேர் விடும்; ஆடு மாடு கடிக்காது, கடித்த ஆடு நோய்வாய்ப்படும்; நீரிலும் வாழும், வறண்ட சேற்றிலும் வாழும். நாணலும் கோரையும் பிடித்திருந்த விளிம்பை அது பிடித்துக்கொண்டால், வரும் மண்ணைத் தடுத்து மேலும் மேலும் மேடாக்கிவிடும். நீர்வளத் துறையினர் ஒவ்வோர் ஆண்டும் அதை வெட்டினாலும், வெட்டிய தண்டுகளை அப்புறப்படுத்தாமல் கரையிலேயே போட்டுவிட்டால், பெய்யும் முதல் மழைக்கு அவை அனைத்தும் மீண்டும் தளிர்க்கின்றன.

வாலாஜா ஏரி இந்த வழியில் ஏறக்குறைய இறந்தே போயிற்று. ஆர்க்காட்டு நவாபு முகம்மது அலியின் பட்டப்பெயரைத் தாங்கிய அந்தப் பெரிய ஏரியில், மேட்டிலிருந்து இறங்கிய மண் பல்லாண்டுகள் தொடர்ந்து படிந்ததால், நீர் தங்க இடமின்றிப் புதர் மண்டியது. ஏரி என்ற பெயர் வருவாய்த் துறைக் கணக்கில் இருந்தது. தரையில் காடு இருந்தது. ஏரிக்கரை ஊர்களில் பிறந்து நடுவயதை அடைந்தவர்களிலேயே அதில் நீர் நின்று பார்க்காதவர்கள் உண்டு. பாசனக்காரர்கள் ஓயாமல் முறையிட்ட பிறகு, 2013-14இல் நெய்வேலி நிறுவனமே தனது சமூகப் பொறுப்பு நிதியிலிருந்து பொருள் செலவிட்டு, சுரங்கத்தில் மண் வாரும் அனுபவம் உடைய தன் ஆட்களையும் இயந்திரங்களையும் கொண்டு அதைத் தூர் வாரியது. பிறகு நீர் நின்றது. சுற்று வட்டாரத்துக் கிணறுகளில் மட்டம் ஏறியது. நெல் வயல்களுக்குப் பாசனம் மீண்டது. நீர்ப்பறவைகள் வந்து இறங்கின. இந்த நிகழ்ச்சியை நான் இரண்டு காரணங்களுக்காகப் போற்றுகிறேன்: மடிந்த ஏரியை உயிர்ப்பிக்க முடியும் என்று அது காட்டியது, மேட்டில் இருப்பவருக்குப் பள்ளத்து ஏரியின் மீது கடமை உண்டு என்பதைச் செயலால் ஒப்புக்கொண்டது. சொல்லால் எழுதிக் கொடுத்த ஒப்பந்தத்தைக் காட்டிலும் அந்தச் செயல் வலியது.

பெருமாள் ஏரிக்கு அவ்வளவு விரைவில் நல்ல காலம் பிறக்கவில்லை. பரவனாறும் செங்கால் ஓடையும் கொண்டுவந்த சேறும் சாம்பலும் அதன் கொள்ளளவைக் குறைத்துவிட்டன என்று அதன் ஆயக்கட்டுக்காரர்கள் நெடுங்காலமாகச் சொல்லி வந்திருக்கிறார்கள். கொள்ளளவு குறைந்த ஏரி கோடையில் வயலைக் காய விடுவதோடு நிற்பதில்லை. மழைக்காலத்தில் ஊரையும் மூழ்கடிக்கும். 2015 நவம்பரில் நெய்வேலியில் ஒரே நாளில் ஏறத்தாழ 48 சென்டிமீட்டர் மழை கொட்டியபோது, விசூர், பெரியகாட்டுப்பாளையம் முதலிய ஊர்கள் வழியே பாய்ந்த ஓடை வெள்ளம் மனித உயிர்களையே வாரிக்கொண்டு போயிற்று. கீழே குறிஞ்சிப்பாடி வட்டாரத்து வயல்கள் மணல் மூடிக் கிடந்தன. அவ்வளவு மழையை எந்த ஏற்பாடும் முழுவதும் தாங்கியிராது. ஆனால் ஓடைகள் அகலமாகவும், ஏரிகள் ஆழமாகவும் இருந்திருந்தால் சேதம் இவ்வளவு ஆகியிராது என்று அவ்வூர்ப் பெரியவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

வீராணத்தின் கதை இதற்குள் வேறொரு திசையில் திரும்பிவிட்டது. சென்னை மாநகரத்தின் தாகத்துக்கு அதன் நீரைக் கொண்டுபோகும் எண்ணம் 1960களின் பிற்பகுதியில் உருவாகி, பெரும் குழாய்கள் சாலையோரங்களில் ஆண்டுக்கணக்கில் கிடந்து, 2004இல்தான் புதிய திட்டமாக நிறைவேறியது. நாளொன்றுக்கு 18 கோடி லிட்டர் என்ற திட்ட அளவில் அந்த நீர் இருநூறு கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்கிறது. சேத்தியாத்தோப்பிலிருந்து ஏற்றப்பட்டு, நெய்வேலிக்குப் பக்கத்திலுள்ள வடக்குத்தில் சுத்திகரிக்கப்பட்ட பிறகே அது சென்னைக்குப் போகிறது. பராந்தகன் காலத்து ஏரி, நெய்வேலி மேட்டின் மேல் ஏறி இறங்கித் தலைநகரத்து அடுக்களைக் குழாயில் வருகின்றது என்றால், வீராணத்துக் கரையில் ஒரு கூடை குப்பை கொட்டுவதும், வடவாற்றில் ஒரு சாக்கடையை விடுவதும் காட்டுமன்னார்கோயிலார் மட்டும் கவலைப்பட வேண்டிய விஷயமல்ல என்பது தெளிவு. ஆயினும் சென்னையில் அந்த நீரைப் பருகுகிறவர்களில் எத்தனை பேர் அந்தக் கரையை நினைக்கிறார்கள்?

சட்டங்களுக்குக் குறைவில்லை. நீர் மாசுத் தடுப்புச் சட்டம் 1974இல் வந்தது. தமிழ்நாட்டின் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 1982இல் அமைந்தது. நீர்நிலைகளைப் பட்டாப் போட்டுக் கொடுக்கும் வழக்கத்தை 2005இல் சென்னை உயர் நீதிமன்றம் கடுமையாகக் கண்டித்தபின், ஏரிகளைப் பாதுகாக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் 2007இல் மாநிலச் சட்டம் ஒன்று பிறந்தது. 2017இல் குடிமராமத்து என்ற பழைய பெயரிலேயே ஒரு திட்டம் தொடங்கி, ஆயக்கட்டுக்காரர் தம் பங்காகப் பத்தில் ஒரு பகுதியை உழைப்பாகவோ பொருளாகவோ தர வேண்டும் என்று வகுத்தார்கள். வண்டலை இலவசமாக எடுத்துப்போகவும் அனுமதித்தார்கள். இவை அனைத்தும் கரையைப் பற்றியவை, ஏரிக்குள் இறங்கியதைப் பற்றியவை. மேட்டில் என்ன நடக்கிறது என்பதை இவற்றுள் எதுவும் ஏரியோடு சேர்த்துப் பார்ப்பதில்லை. 2023 ஜூலையில் சேத்தியாத்தோப்பை அடுத்த வளையமாதேவியில், இரண்டாம் சுரங்க விஸ்தரிப்புக்காகப் பரவனாற்றைத் திருப்பிவிடும் வாய்க்கால் வெட்டுவதற்கு, விளைந்துகொண்டிருந்த நெற்பயிரின் மேலேயே இயந்திரங்களை இறக்கியபோது, நாடே அந்தப் பயிரைப் பார்த்து மனம் நொந்தது. பயிருக்காக நொந்தது நியாயமே. ஓர் ஆற்றின் பாதையை மாற்றினால் அந்த ஆற்றை எதிர்பார்த்திருக்கும் ஏரியின் வரத்தும் மண்படிவும் எவ்வாறு மாறும் என்ற கேள்வியும் அன்றே அதே உரத்த குரலில் கேட்கப்பட்டிருக்க வேண்டும்.

செய்ய வேண்டியது பெரும் செலவு பிடிக்கும் அபூர்வ காரியமன்று. மண்குன்றுகளின் சரிவில் புல்லும் மரமும் வேர் பிடிக்கும்வரை ஒரு பருவமழையும் அதன் மீது நேரே பாயாதபடி படிப்படியாக வரப்பிட வேண்டும். சுரங்க நீரும் சாம்பல் நீரும் ஓடையை அடையுமுன் அடுத்தடுத்த படிவுக் குளங்களில் தங்கித் தெளிய வேண்டும். அக்குளங்களின் சேறு ஏரிக்கு வந்து சேர்ந்தபின் அள்ளப்படுவதைவிட அங்கேயே அள்ளப்படுவது எளிய வேலையாகவே முடியும் என்பதைச் சுரங்கப் பொறியாளர்களே மறுக்கமாட்டார்கள். கரையின் விளிம்பில் காட்டாமணக்கை வேரோடு எடுத்து எரித்துவிட்டு வெட்டிவேரும் நாணலும் நட வேண்டும்.

இவற்றுக்கெல்லாம் மேலாகக் கணக்கு வேண்டும். ஒவ்வோர் ஆண்டும், சம்பா சாகுபடிக்குக் கீழணையிலிருந்து வடவாற்றில் தண்ணீர் திறந்துவிடும் சமயத்தில், பெருமாள் ஏரி, வாலாஜா ஏரி, வீராணம் ஆகிய ஒவ்வொன்றின் கரையிலும் ஆயக்கட்டுக்காரர், மீன் பிடிப்போர், ஆடு மேய்ப்போர், கூலி வேலை செய்யும் ஆண் பெண் அனைவரும் கூடியிருக்க, சென்ற ஆண்டு ஏரியில் எத்தனை அங்குலம் மண் படிந்தது, மதகில் எடுத்த நீரில் என்ன கலந்திருந்தது, மேட்டிலிருந்து எந்த ஓடையில் எவ்வளவு நீர் எந்தத் தேதியில் விடப்பட்டது என்பவற்றை நீர்வளத் துறையாரும், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தாரும், நெய்வேலி நிறுவனத்தாரும் தமிழில் வாசித்துக் காட்டி, அந்த ஏட்டைக் கிராமச் சாவடியில் யார் வேண்டுமானாலும் புரட்டிப் பார்க்கும்படி வைத்துவிட்டுப் போக வேண்டும்.